கண் மூடினால் வருகிற சாமி

அக்கராயனுக்குப் போகிற தட்டிவான் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கியபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவர் மனைவியும் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அந்த அம்மா வாய் திறந்ததும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

“இஞ்சேருங்கோ, டொக்டருக்கு முன்னாலையும் உங்களுக்குச் சாமி வந்திட்டுதெல்லே.”

“அது சாமி இல்லையாம். காலைச் சேர்த்து வைச்சுக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். ஆடி விழப் போனன், பிடிச்சிட்டார்.”

“கோயிலிலையும் கண்ணை மூடிக் கும்பிடேக்கைதானே ஆடுறனீங்கள்.”

“ஓம். கால் நரம்பு பழுதாம். கால் எங்கை நிக்குதெண்டு மூளைக்குத் தெரியாதாம். கண் திறந்திருந்தால் பார்த்துச் சமாளிச்சிடுவனாம். ஊசி போட்டால் சுகம் வருமாம்.”

“பஞ்சிலை நடக்கிற மாதிரி இருக்கெண்டு அப்பவே சொன்னனீங்கள். நாங்கள்தான் வைரவர் வந்திட்டார் எண்டு திருநீறு பூசிக் குறி கேட்டனாங்கள்.”

வான் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தன் கால்களையே பார்த்தார். அந்த அம்மா விடவில்லை.

“அப்ப, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, காணாமல் போன அவான்ரை மகன் திரும்பி வருவான் எண்டு சொன்னது?”

“அழுதுகொண்டு கேட்டவா. வாயிலை வந்ததைச் சொன்னனான்.”

“அவா அந்த நாளிலையிருந்து அவனுக்கும் சேர்த்தெல்லே சோறு காய்ச்சுறா. வெள்ளிக்கிழமை திரும்பவும் கேக்க வருவா.”

அவர் கால்களிலிருந்து பார்வையை எடுத்து மனைவியைப் பார்த்தார்.

“வரட்டும். வருவான் எண்டுதான் சொல்லுவன். கண்ணைத் திறந்துகொண்டு சொல்லுவன்.”