கேமரா இல்லாதது

"கேமரா வெச்சதையா வாங்கிகினு வருவீங்க?"

நெய்வேலி நகரியப் பேருந்தில், காலை ஷிப்டுக்குப் போகும் ஒரு பெண் பக்கத்திலிருந்த கணவரிடம் சீறினாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். ஒட்டுக் கேட்பவனுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே. கணவர் மடியில் புது டேப்லெட் இருந்தது.

"கலர்ல தெரியும்டி. போட்டோ எடுக்கலாம்."

"மைன்ஸ்ல நான் யாரை போட்டோ எடுக்கணும்? கேமரான்னா கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? எழுத்து மட்டும் தெரியற கறுப்பு வெள்ளை ரீடர்தானே கேட்டேன்?"

"அப்படி என்னாத்த படிக்கப் போற?"

"சீரியல்ல அநியாயமா கொன்னாங்களே மருமவளை, அவளைப் பொழைக்க வெச்சி ஒரு பொண்ணு நெட்ல எழுதுது. நேத்து ஆஸ்பத்திரியோட நிறுத்திட்டா. இன்னிக்குக் கடைசி அத்தியாயம். சாப்பாட்டு நேரத்துல படிக்கலாம்னு இருந்தேன், மண்ணை அள்ளிப் போட்டீங்க."

"செத்தவ செத்தவதானே?"

சுரங்க வாசலில் இறங்கும்போது டேப்லெட்டை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"நீங்களே படிங்க. சாயந்திரம் வரி விடாம எனக்குச் சொல்லணும். சுருக்கிச் சொன்னீங்க, சோறு கெடையாது."

கடைத்தெருவுக்கு டிக்கெட் எடுத்திருந்த அவர் முணுமுணுத்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தார். கடைத்தெரு வந்தது, போனது. முப்பது வருடமாக எழுதுகிறேன். என்னைப் படித்து எவரும் நிறுத்தத்தைத் தவறவிட்டதாகத் தகவல் இல்லை.

"சார், உங்க ஸ்டாப் போயிடுச்சி," என்றார் நடத்துநர்.

"இருய்யா!" என்று அவர் எரிந்து விழுந்தார். "அந்த மருமவப் பொண்ணு மூச்சுக்குத் தவிச்சிகினு கெடக்குது, டாக்டரை இன்னும் காணோம்!"