லண்டனுக்குப் பதில் எழுதிய குமார்

நெடுந்தீவில் மதில் கட்டும் வேலையை விட்டு நடந்து வந்து குறிகட்டுவான் படகில் ஏறினேன். புங்குடுதீவில் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் பக்கத்தில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“குமார் எண்டு பேர் வைச்சு, விருந்தாளியளுக்கு ஏஐயைப் பதில் எழுத விட்டனீ. லண்டன்காரர், ‘நீர் என்ரை ஒண்டுவிட்ட தங்கச்சியின்ரை மகனோ?’ எண்டு கேட்டிருக்கிறார். அது ‘ஓம் மாமா’ எண்டிட்டுது!”

“அதாலைதானே அக்கா நாலு அறையும் எடுத்தவர்.”

“நாளைக்கு வந்து மருமகன் எங்கையெண்டு கேட்பார். இல்லையெண்டால் திரும்பிப் போயிடுவார். நீ குமாரா நில்லன்.”

“என்னை வீடியோவிலை கண்டவரக்கா.”

மறுநாள் காலை அந்த விடுதியில் குமாராக வேலைக்குச் சேர்ந்தேன். லண்டன்காரர் என்னைக் கட்டிப்பிடித்து, “அப்பிடியே தாயின்ரை மூக்கு” என்றார்.