மிளகாய் வினிகர்

வினிகர் இல்லாமல் நூடுல்ஸ் தொண்டையில் இறங்காது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் காவல் நிலையத்துச் சாப்பாட்டு மேசையிலேயே மிளகாய் நறுக்கிப் போட்ட வினிகர் சாடி ஒன்றைப் பார்த்தேன். மிளகாயை இன்னும் கொஞ்சம் பொடியாக நறுக்கியிருக்கலாம். குறை சொல்வதாக நினைக்காதீர்கள், அது என் வழக்கமல்ல. எங்கள் கூட்டத்தில் அந்த வேலையை எல்லாருக்கும் சேர்த்துக் கெங் பார்த்துக்கொண்டான்.

கெங் என் நண்பன். கல்லூரியிலிருந்தே ஒட்டிக்கொண்ட நட்பு. இறந்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா, அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாக நீந்துவான்.

ஆண்டுதோறும் மழைக்காலம் ஓய்ந்து கடல் அடங்கியதும் புக்கெட்டில் அவனுடைய பாய்மரப் படகில் ஏறிவிடுவோம். கெங், அவன் மனைவி ஜியப், எதைச் சொன்னாலும் சிரிக்கிற சித், பிறகு நான். பங்ஙா விரிகுடாவைச் சுற்றிவிட்டு லந்தா தீவு, அப்படியே தெற்கே திராங் வரை. கெங் சுக்கான் பிடிப்பான். சித் பாய்க் கயிற்றை இழுப்பான். ஜியப் நிழலில் உட்கார்ந்து படமெடுப்பாள். நான் சமைப்பேன். யாரும் என்னைச் சமைக்கச் சொல்லவில்லை. முதல் பயணத்தில் பசிக்கிறதென்று முட்டை பொரித்தேன், அன்றோடு அடுப்பு என் தலையில் விழுந்தது.

கிளம்பும்போது படகின் முகப்பில் மாலையும் வண்ணத் துணியும் கட்டி, எல்லாரையும் பத்திரமாகக் கரை சேர்த்துவிடு என்று படகுத் தாயைக் கும்பிடுவதும் நான்தான். கெங் அந்த நேரத்தில் பியர் அடுக்கிக்கொண்டிருப்பான். இந்த முறையும் மனமுருகித்தான் கும்பிட்டேன். அவளும் என் வேண்டுதலில் முக்கால்வாசியை நிறைவேற்றிவிட்டாள்.

போன வருடப் பயணத்தின் கடைசி நாளில் கெங் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, "துய், அடுத்த வருஷம் லந்தாவுக்கு நீதான்டா ஓட்டிட்டுப் போற. என் வாக்கு" என்றான். குடித்திருந்தான். ஆனாலும் வாக்கு வாக்குதானே. நான் ஊருக்குத் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டாயா போய்ப் பாய்மரப் படகோட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சின்னச் சின்னப் படகுகளில். தண்ணீரில் கவிழ்ந்தேன், அவர்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். மனைவியிடம் சொல்லியிருந்தேன். அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். இந்த வருடம் புதிதாக ஒரு தொப்பிகூட வாங்கினேன். ஐயா, நான் சந்தோஷமாக இருந்தேன். என் வயதில் ஒரு ஆண் அப்படிச் சந்தோஷப்படுவதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் தொப்பி வெயிலுக்காக என்று சொல்லிவைத்தேன்.

லந்தா கண்ணில் பட்டதும் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுக்கானருகே போய் நின்றேன். கெங் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னடா இது, தொப்பியெல்லாம்?"

"வாக்கு குடுத்தியே."

"நானா? எப்போ?" அவன் சித்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "இவன்கிட்ட சுக்கானைக் குடுத்தா லந்தாவுக்கு இல்லடா, நேரா சுடுகாட்டுக்குத்தான் போவோம்."

"விடு மாப்ள, அவன் கரண்டி பிடிச்சாலே படகு ஆடுது" என்று சித் சிரித்தான்.

"இந்தா, நீ பிடி" என்று கெங் சுக்கானைச் சித்திடம் கொடுத்தான். சித் கேட்கவே இல்லை. ஒரு கையில் பியரை வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்தான். ஜியப் படமெடுத்தாள். நான் கீழே போய் நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்கிறவன் அல்ல நான்.

சாப்பிடும்போது கெங் இன்னொரு நல்ல செய்தியும் சொன்னான். "அடுத்த வருஷம் சமையலுக்குத் தனியா ஒரு ஆள் போட்டுடலாம்னு இருக்கேன். பாவம், துய்க்கும் ஓய்வு வேணும்ல. வீட்லயே இருக்கட்டும்." பிறகு ஒரு வாய் நூடுல்ஸ் எடுத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "புளிப்பே இல்லையேடா. இத்தனை வருஷமா இதைத்தானே சொல்றேன்."

சமையல் வினிகர் தீர்ந்திருந்தது. ஆனால் முதலுதவிப் பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தது. ஜெல்லி மீன் பட்டால் ஊற்றுவதற்கு. நம் கடற்கரைகளில் கம்பத்தில் மாட்டி வைத்திருப்போமே, அதே வினிகர்தான். நண்பன் வாய்விட்டுக் கேட்கிறான், வினிகர் பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. மிளகாயைப் பொடியாக நறுக்கிச் சாடியில் போட்டு, பாட்டிலை அப்படியே கவிழ்த்தேன். கெங் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

"கொஞ்சம் பரவால்ல. இன்னும் புளிப்பு பத்தாது."

காலி பாட்டிலை என்ன செய்வது? முதலுதவிப் பெட்டியில் காலி பாட்டில் இருந்தால் பார்ப்பவர்களுக்கு வீண் கவலை. குடிதண்ணீர் பிடித்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பட்ட இடத்தில் நல்ல தண்ணீர் ஊற்றினால் விஷம் இன்னும் வேகமாக ஏறும் என்று அந்தக் கம்பத்துப் பலகைகளில் எழுதியிருக்கிறதே, எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவன், ஐயா.

சாயங்காலம் பருவம் தப்பி ஒரு மழை கொட்டியது. அந்த மழைக்கு நான் பொறுப்பல்ல. லந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளைகுடாவில் நங்கூரம் போட்டுத் தங்கினோம்.

காலையில் கணவாய் மீன் விற்கிற அக்கா தன் நீளப் படகை எங்கள் படகோடு ஒட்டி நிறுத்தினாள். நீங்கள் தேடிக் கண்டுபிடித்தீர்களே, அவளேதான். நல்ல கணவாய். நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ஐயா, யாரையும் தண்ணியில இறங்க விடாதீங்க. மழைக்கப்புறம் அந்தச் சனியன் கரைப்பக்கம் வந்திருக்கு. பெட்டி மாதிரி நாலு மூலையா இருக்குமே, அது. எங்க வீட்டுக்காரரு வலையில ரெண்டு கிடந்துச்சு."

"ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"சொல்லிடுங்க ஐயா, மறந்துடாதீங்க."

"சொல்லிடறேன்."

சொல்லத்தான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கணவாயைச் சுத்தம் செய்துகொண்டே எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜியப்பும் சித்தும் மேலே வந்தார்கள். தினமும் கெங்கோடு சேர்ந்து அவர்களும் குதிப்பார்கள். இருவர் கையிலும் சூடான கஞ்சிக் கிண்ணத்தைத் திணித்தேன்.

"அப்புறமா குடிக்கிறேன் துய் அண்ணே, ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடறேன்" என்றாள் ஜியப்.

"ஆறினா நல்லா இருக்காதும்மா. இஞ்சியெல்லாம் போட்டிருக்கேன். உட்காரு."

உட்கார்ந்தாள். எல்லார் கஞ்சியும் ஆறக்கூடாது என்று நினைக்கிறவன் கெட்டவனாக இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கெங் கடைசியாக வந்தான். இந்த வயதிலும் தொப்பை போடாதவன், சட்டையைக் கழற்றும்போதே நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்ப்பான். அவனுக்குக் கஞ்சி எடுத்து வைக்கவில்லை. எப்படியும் உப்பில்லை என்பான்.

"துய், இந்தக் கணவாய் நாத்தத்தை அந்தப் பக்கம் கொண்டு போடா. தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு" என்றேன்.

அது உண்மை. அடி மணல் தெரிந்தது. அந்த ஜெல்லி மீனும் தண்ணீர் நிறம்தான், பார்த்தாலும் தெரியாது. கெங் குதித்தான்.

அவன் கத்தியதை நான் விவரிக்க விரும்பவில்லை. சித் ஏணியில் இறங்கி அவனை மேலே இழுத்துப் போட்டான். நெஞ்சிலும் தொடையிலும் சாட்டையால் அடித்தது போல் கோடு கோடாகச் சிவந்திருந்தது. ஜியப் அலறினாள்: "வினிகர், துய் அண்ணே, வினிகர் எங்க?" நான் ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது இருக்கும் இடம் தெரியாது. என் கையாலேயே நிதானமாக ஊற்றினேன், ஒரு கோடு விடாமல். "எரியுதுடா, அதிகமா எரியுது" என்றான். "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்றேன்.

மிளகாய் வினிகர்ச் சாடி மேசைமேல்தான் இருந்தது. முக்கால் சாடி. கைக்கு எட்டும் தூரம். ஜியப்பின் முழங்கை பட்டு அது உருளப் போனபோது நான் பிடித்து நேராக வைத்தேன். நல்ல பொருள் வீணாகக் கூடாது.

கெங்குக்கு மூச்சு இழுத்தது. சித்தின் மடியில் தலை. ஜியப் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் இருவராலும் எழுந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தான்.

"துய்... சுக்கானைப் பிடிடா."

அவன் கடைசியாகப் பேசியது அதுதான். பார்த்தீர்களா, சொல்ல முடிந்திருக்கிறது. அதை முந்தின நாளே சொல்லியிருந்தால், நான் கணவாய் அக்கா சொன்னதை அவனிடம் சொல்லியிருப்பேன். பாட்டிலில் தண்ணீர் ஊற்றியிருக்கவும் மாட்டேன். எத்தனை சின்ன விஷயம்.

நங்கூரத்தை எடுத்தேன். எஞ்சினைப் போட்டேன். தொப்பியையும் போட்டுக்கொண்டேன், வெயில் ஏறிவிட்டது. வழியிலேயே அவன் போய்விட்டான். ஆனால் படகு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. லந்தா படகுத்துறையில் நான் கட்டியதை உங்கள் ஆட்களே பார்த்தார்கள். ஒரு இடி, ஒரு உரசல் இல்லை. "இந்த நிலைமையிலும் எவ்வளவு நிதானம்" என்று ஒரு காவலர் என் முதுகைத் தட்டினார். இத்தனை வருடத்தில் அந்தப் படகில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வினிகரை எடுத்தது நான். தண்ணீர் நிரப்பியது நான். எச்சரிக்கையை விழுங்கியது நான். மற்ற இருவரைத் தடுத்துவிட்டு அவனை மட்டும் இறங்க விட்டதும் நான். கொன்றேன் என்று போட வேண்டுமென்றால் போடுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் போடாதீர்கள். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் கிடையாது.

அன்று சாயங்காலம், உங்கள் ஆட்கள் ஜியப்பிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பசித்தது. படகுத்துறைக் கடையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கி வந்து, படகு மேசையிலிருந்த அந்தச் சாடியிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டேன். புளிப்பு சரியாகத்தான் இருந்தது, ஐயா. அவன் நாக்கில்தான் கோளாறு.