பராமரிப்பில் கவனக்குறைவு இல்லை

படகு இன்ஜினைப் பார்த்துக்கொள்வது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை சார். வேளாவேளைக்கு ஆயில் மாற்ற வேண்டும், கடல்தண்ணீர் பம்ப்பை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் படகுகள் அந்தப் பம்ப்பால்தான் படுத்துக்கொள்கின்றன.

உங்கள் ஜீப்புக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. படகுக்குக் கடல்தான் எல்லாம். அடியிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி, இன்ஜினைக் குளிரவைத்து, புகைக்குழாய் வழியாகத் துப்ப வேண்டும். அதைச் செய்வது பம்ப்புக்குள் சுற்றுகிற ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்போம். உள்ளங்கையில் அடங்கிவிடும், சுற்றிலும் இதழ் இதழாக இருக்கும். அது கிழிந்தால் எவ்வளவு பெரிய இன்ஜினும் கொதித்துப் போய் நின்றுவிடும்.

என் பெயர் தணிகாசலம். கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். நிலபுலன் உண்டு. வேலை, அத்திப்பட்டுக்குக் கிழக்கே ஒரு தனியார் ஜெட்டியில் படகு மெக்கானிக். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், யாரும் இழுத்து வரவில்லை. ஸ்டீபன் செத்ததற்குக் காரணம் 'பராமரிப்பில் கவனக்குறைவு' என்று கம்பெனி விசாரணையில் முடிவு கட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கையிலிருந்து போன பம்ப் ஒன்றுகூட இதுவரை தானாகக் கெட்டதில்லை. கேண்டீனில் நேற்று வந்த பையன்கள் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். மனுஷனுக்கு மானம் வேண்டாமா?

ஸ்டீபன் எங்களுக்கு அந்நியன் இல்லை. அவன் அப்பா யேசுதாஸ் எங்கள் கழனியில் வேலை செய்தவன். எங்கள் குடும்பம் அவர்களை ஒருநாளும் தாகத்தோடு அனுப்பியது கிடையாது. கையைக் குவித்துக்கொண்டு நின்றால் என் அப்பா செம்பிலிருந்து தாராளமாக ஊற்றுவார். அப்படிப்பட்ட வீடு. நானும் அந்தக் காலத்து ஆள் இல்லை. திருநின்றவூரில் ஸ்டீபன் ஃபிளாட் வாங்கி, பாதிரியாரை வைத்து ஜெபம் பண்ணியபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். கூல்டிரிங்ஸ்கூட குடித்தேன். சீல் உடைக்காத பாட்டில்தான் வேண்டும் என்று சொன்னது சுகாதாரத்துக்காக.

அவன் கெட்டிக்காரன். ஐடிஐ முடித்து, படகு ஓட்ட லைசன்ஸ் எடுத்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு சூப்பர்வைசராகவே வந்துவிட்டான். எனக்கு லீவு வேண்டுமென்றால் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போடுவான், மறுத்ததே இல்லை. கேண்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "இன்னாண்ணே, இன்னிக்கி கொழம்பு ஒரே காரம்" என்பான். நானும் சிரிப்பேன். எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆயுத பூஜை அன்று படகுக்கெல்லாம் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் நிற்கிறார், மொத்த ஸ்டாஃபும் நிற்கிறது. ஸ்டீபன் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "தணிகாண்ணே, ரெண்டாம் நம்பர் போட்ல இம்பெல்லர் மாத்தி ரொம்ப நாளாச்சி. மழ வர்றதுக்குள்ள கொஞ்சம் பாத்துடுண்ணே."

அவன் சொன்னது சரிதான். மழைக்கு முன்னால் மாற்ற வேண்டியதுதான். குரலிலும் அதட்டல் இல்லை. பம்ப் என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். அதையே யேசுதாஸ் மகன் ஊர் கூடி நிற்கும்போது எனக்கு ஞாபகப்படுத்துகிறான். மேனேஜர் வேறு, "பாருங்க, சூப்பர்வைசர்னா இப்படி இருக்கணும்" என்றார். நான் பொரியைத் தின்றுவிட்டு, "பண்ணிடலாம்பா" என்றேன்.

சொன்ன சொல்லை நான் காப்பாற்றினேன். அந்த வாரமே மாற்றினேன். கழற்றிப்போட்ட பழசுகளில் ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு இதழ்களை அடியில் பிளேடால் பாதி அறுத்து, கிளிசரின் தடவிப் பக்குவமாக உள்ளே உட்காரவைத்தேன். பொறுமை வேண்டிய வேலை சார் அது. கூட அறுத்தால் கரையிலேயே தண்ணீர் வராது. ஸ்டீபன் இன்ஜினை ஓடவிட்டதும் பின்னால் எட்டிப் பார்ப்பான். தண்ணீர் துப்பினால்தான் கயிற்றை அவிழ்ப்பான். நானே பழக்கிய பழக்கம். குறைவாக அறுத்தால் இதழ் மாதக்கணக்கில் தாங்கிவிடும். மெதுவாகப் போனால் தண்ணீர் வர வேண்டும், நடுக்கடலில் வேகம் எடுத்தால் பிய்ந்துபோக வேண்டும். அந்த அளவில் நிறுத்தினேன். இதைப்போய்க் கவனக்குறைவு என்கிறார்கள்.

படகுப் பெட்டியில் புது இம்பெல்லர் ஒன்று உபரியாக இருக்க வேண்டும். அதை எடுத்து என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உப்புக்காற்றில் புது ரப்பர் வீணாகிவிடும். ஆனால் சூடு ஏறினால் அலறுகிற அலாரத்தை நான் தொடவே இல்லை. அது பாதுகாப்புச் சாதனம், அதில் கைவைப்பது தப்பு.

அவனைக் கொல்வது என் எண்ணம் இல்லை. கடலில் நின்றுபோய், இன்னொரு படகு கட்டி இழுத்துவர, எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி, என்னிடம் வந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசைப்பட்டேன்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் காற்று திடீரென்று திரும்பியது. வெளியே கடலில் நின்ற சரக்குப் பார்ஜிலிருந்து ஆட்களை ஏற்றிவர ஸ்டீபன் அந்தப் படகில் தனியாகக் கிளம்பினான். பாதி வழியில் அலாரம் அடித்திருக்கிறது. உடனே இன்ஜினை அணைத்துவிட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறையே சொல்ல முடியாது. படகு அலைதடுப்புக் கற்களை நோக்கி இழுபட ஆரம்பித்தது. வயர்லெஸ்ஸில் ஜெட்டியைக் கூப்பிட்டான், வேறு படகு அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்து எனக்குப் போன் போட்டான். அந்தப் படகு போய்ச் சேர்வதற்குள் இவன் படகு கல்லில் மோதி உடைந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் உடம்பு கிடைத்தது.

கம்பெனி ஃபிளெக்ஸ் அடித்தது. 'பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு' என்ற வரிக்குக் கீழே ஸ்டீபன் படம். அடக்கத்தன்று அவன் மனைவி ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரிக்கும் போன்ல அவர் கூடவே இருந்தீங்களாமே அண்ணா. நீங்க இருந்ததால தைரியமா இருந்திருப்பாரு" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. நல்ல பெண். அவள் அத்தனை பேர் நடுவில் என் கையைப் பிடித்ததைக்கூட நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போனில் என்ன பேசினோம் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எடுத்ததும், "தணிகாண்ணே, தண்ணி துப்பல. நான் கல்லாண்ட போய்க்கினே இருக்கேன். நங்கூரம் போட்டுடட்டா?" என்றான்.

நங்கூரம்தான் போட வேண்டும். போட்டிருந்தால் படகு நின்றிருக்கும், அனுப்பிய படகு வந்து கட்டி இழுத்திருக்கும். ஆனால் 'போட்டுடட்டா' என்று கேட்டானே தவிர அதில் கேள்வி எதுவும் இல்லை. முடிவு பண்ணிவிட்டு, பேச்சுக்கு என்னிடம் சொல்கிறான். சூப்பர்வைசர் இல்லையா. "வேணாம்பா, பம்ப் மூடியத் தொற, ரெண்டு நிமிஷ வேலதான்" என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான். போல்ட் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "இதழு பிஞ்சி கெடக்குண்ணே" என்றான். "பொட்டியில புதுசு இருக்கும் பாரு" என்றேன். அவன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினான். நான் காத்திருந்தேன். அலைச் சத்தம் போனில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

அப்புறம்தான் கேட்டான். "ஐயா, ஒண்ணுமே இல்லிங்கய்யா. இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்கய்யா."

அவன் அப்பா எங்கள் வாசலில் நின்று கேட்பானே, அச்சாக அதே குரல். "நங்கூரத்தப் போடு" என்றேன். படகு கல்லில் மோதுகிற சத்தம் அதற்குள் வந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நீங்கள் எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள் சார். அவன் மரியாதையாகக் கேட்ட பிறகு நான் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை.