அழுத்தினால் கனக்கும் கட்டை

குளச்சலிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் நடுவயதுக் கணவனும் மனைவியும் நீளமான கீபோர்டு பெட்டியை இடையில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“கடையில நல்ல டிஜிட்டல் பியானோவ எண்ணெய் போடச் சொல்லிட்டு, இதையா வாங்கிட்டு வந்தீங்க?”

“ஏட்டி, கட்டை அமுக்கக் கனமா இருந்து. கடல்காத்துல இறுகிப் போச்சுன்னுல்லா நெனச்சேன், நம்ம ஜன்னல் மாதிரி.”

“பியானோன்னா அப்படித்தான் இருக்கும். இந்த லேசுக் கட்டையில ஒரு மாசம் படிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை சர்ச் பியானோவுல வாசிச்சா, வெரலுக்கு வலு பத்தாம பாதி கட்டை சத்தமே தரல்ல. சபையே திரும்பிப் பாத்துது.”

“நான் சத்தமா பாடிச் சமாளிச்சேன்லா?”

“அதுக்குத்தான் திரும்பிப் பாத்தாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “மாத்தித் தாறேன்னு கடைக்காரன் சொல்லிருக்கான். ஆனா கனக் கட்டைன்னா வெல கூடுமே?”

“அதுல கொறஞ்ச வெலையுள்ளது போதும். கட்டை எண்பத்தெட்டும் இருக்கணும். ஸ்டாண்டு வேண்டாம், சாப்பாட்டு மேசையில வச்சுக்கிடுவேன்.”

“அப்ப சோறு எங்க வச்சுத் திங்கது?”

“தரையில. அடுத்த ஞாயிறும் நான்தான் வாசிக்கணும்.”

வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்தான் முதலில் இறங்கினார்.