இஸ்பேட் ராசாவுக்குப் போன மீசை

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். முன் சீட்டில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாவும் அவர் வீட்டுக்காரரும். என் காது இன்னும் நன்றாகவே கேட்கும்.

"ஏனுங்க, அப்பன் செத்தாத்தான் மீசைய எடுப்பாங்க. உங்கப்பாரு கல்லாட்டம் இருக்கறாரு, நீங்க எதுக்குங்க எடுத்தீங்க?"

"நேத்து கோயில் நோம்பில பந்தயம் தோத்துட்டேன் அம்மணி. வித்தைக்காரன் ஒரு சீட்டைப் பாத்துட்டு கட்டுல சொருகச் சொன்னான். நான் பாத்தது இஸ்பேட் ராசா. அப்புறம் ஒவ்வொரு சீட்டாத் திருப்பி மேசைல போட்டான். ராசாவும் வந்துருச்சு, அவன் கவனிக்காம மேல மேல போட்டுட்டே போனான்."

"செரி."

"'அடுத்து நான் திருப்பற சீட்டு உங்களுதுங்க'ன்னான். ராசாதான் மேசைல கெடக்குதே, பயல் தோத்தான்னு மீசையவே பந்தயம் வெச்சுப்போட்டேன். அவன் கைச்சீட்ட உட்டுட்டு, மேசைல கெடந்த ராசாவத் திருப்பிக் கவுத்துட்டான்!"

"இன்னிக்கு நம்ம புள்ளைக்கு நிச்சயமுங்க! இந்த மூஞ்சியப் பாத்தா எழவு ஊடுன்னு தட்டு மாத்தாமயே அனுப்பிப்போடுவாங்க."

"அந்த வித்தைய நானும் கத்துக்கிட்டேன். சம்பந்தி மீசையையும் எடுத்துப்போட்டா செரியாப் போயிருமல்ல?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிணத்துக்கடவு தாண்டியதும் கணவர் பக்கம் திரும்பினார்.

"பழனிக்கு நேந்துக்கிட்டதுன்னு நான் சொல்லிக்கறேன். பொள்ளாச்சில எறங்குனதும் தலையையும் மொட்டை அடிச்சுக்கங்க."