இமயத்துக்கு வெள்ளையடித்த கதை

தலைமை நாற்காலியில் நிமிர்ந்தும், மின்விசிறியின் பக்கம் சற்றே சாய்ந்தும் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய சண்முகநாதன் அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அருந்தமிழ் கேட்க வந்திருக்கும் அன்னையரே! எந்த நேரமும் எழுந்து போகும் ஆயத்தத்தோடு வாசலருகே நிற்கும் இளைஞரே! இணுவில் மண்ணுக்கும் இந்த மன்றத்துக்கும் என் கைகூப்பு!

‘கவிதையில் வீழ்ந்த வீரர்கள்’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். வீரன் ஏன் வீழ்கிறான்? வாள் முறிந்தா? வலிமை குறைந்தா? இல்லை ஐயா, இல்லை! தூக்கியவர்களுக்குத் தோள் வலித்ததும் வீழ்கிறான்! முதற் காண்டத்திலே கதிரவன்; முடிவுக் காண்டத்திலே கரிக்கட்டை!

நான் காவியத்துக்குள் போகப் போவதில்லை. கரவெட்டிப் பக்கம் போகிறேன். அங்கே ஓர் ஊர் உதைபந்தாட்டக் கழகம். அதன் கோல் காப்பாளன் கோபிசங்கர். வெல்டிங் கடையில் வீட்டு வாசலுக்கு இரும்புக் கேற்றுச் செய்பவன். ஓராண்டு இறுதியாட்டத்திலே, கடைசித் தண்ட உதையைப் பறந்து பிடித்தான். வெடி முழங்கியது! மாலை குவிந்தது! மார்க்கண்டு என்ற பெரியவர் முழங்கால் வலியையும் மறந்து அவனைத் தோளிலே தூக்கினார். ஊர்க் கவிஞர் தயாளினி பாடினார்:

“கரவெட்டி மண்ணின் இமயமே!
காற்றும் கடவாக் கதவமே!”

பாட்டைக் கழகச் சுவரிலே ஆளுயர எழுத்தில் தீட்டினார்கள். 

அடுத்த ஆண்டும் வந்தது. அதே மைதானம், அதே மக்கள், அதே கோபிசங்கர். பிடித்த பந்தைத் தன் ஆளுக்கு எறிய ஓங்கினான். கை வழுக்கியது. பந்து பின்னால் பறந்து தன் வலைக்குள்ளேயே விழுந்தது!

(சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.)

“உவனை ஆர் உள்ளுக்கு விட்டது?” என்று முதலில் கத்தியவர் யார்? தோளிலே தூக்கிய அதே மார்க்கண்டு! அவன் கடைக்குப் போனவர்கள், “தம்பி, உந்தக் கேற்றாவது பந்தை மறிக்குமோ?” என்றார்கள். முகநூலிலே இமயம் உருகியது! வீதியிலே கதவம் கழன்றது! அந்தச் சுவரைக் காணக் கூசிய கோபிசங்கர், சுற்றுப் பாதையால் வேலைக்குப் போனான். ஆட்டத்தையும் விட்டுவிட்டான்.

மார்க்கண்டு மருந்துக்கடைக்கு நடந்தார். தயாளினிக்கு அங்கேதான் வேலை.

“பிள்ளை, அந்தப் பாட்டை அழிக்கப் போறம். அவனைக் கிழிச்சு ஒரு வசை எழுதித் தா.”

“யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை” என்றார் தயாளினி.

யோசித்தபடி மாலையில் கழகத்துக்குப் போனால், சுவரின் முன்னே யார்? கையிலே சுண்ணாம்பு வாளியோடு கோபிசங்கர்! ‘இமயமே’யில் பாதியை அழித்துவிட்டான்.

“என்னடா தம்பி செய்யிறாய்?”

“நானே அழிக்கிறன் அக்கா. அவையள் கோவத்திலை அடிச்சால் சுவர் திட்டுத் திட்டாய்ப் போடும்.” தூரிகையை வாளியில் தோய்த்தபடி சொன்னான்: “எனக்குப் பந்து பிடிக்கத்தான் தெரியும். நீங்கள் என்னை மலையாக்கிப் போட்டியள். மலை ஒருக்காலும் வழுக்கக் கூடாதல்லோ?”

தயாளினியின் கண் கலங்கியது. “ஓமடா. மருந்தை அளந்து குடுக்கிற நான், புகழை அளக்காமல் ஊத்திப் போட்டன்” என்றவர், வாளியைத் தானும் ஒரு கை பிடித்தார். வெள்ளை காய்ந்ததும் புதிதாக எழுதினார்:

“பிடிப்பான்; சிலநாள் விடுவான்;
விழுவான்; எழுவான்; வருவான்!”

மறுநாள் மார்க்கண்டு வந்து பார்த்தார். “உது புகழோ, வசையோ?” என்று கேட்டார்.

“உண்மை அண்ணை” என்றார் தயாளினி.

கோபிசங்கர் அதை வாசித்தான். மறுபடியும் வாசித்தான். அடுத்த கிழமை கையுறையோடு மைதானத்துக்கு வந்தான்!

மூன்றாம் ஆண்டு இறுதியாட்டம். மீண்டும் தண்ட உதை! பறந்தானா? பாய்ந்தானா? தவறான பக்கம் விழுந்தான் ஐயா! ஆனால் பந்து அவன் குதிக்காலில் பட்டு வெளியே போயிற்று! மார்க்கண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார். “பிள்ளை, எங்கை அந்த இமயப் பாட்டு? திருப்பி எழுது!” என்று தயாளினியைப் பார்த்துக் கத்தினார். கோபிசங்கர் மூச்சு வாங்கியபடி சிரித்தான். “வேண்டாம் அண்ணை. சுண்ணாம்பு விலை கூடிப்போச்சு!”

அவையோரே! ஊரின் பேச்சு மாறும், மாறாவிட்டால் அது ஊரல்ல. அதற்காக யாரையும் பாடாதீர்கள் என்றா சொல்கிறேன்? பாடுங்கள்! வாயாரப் பாடுங்கள்! வென்றவனை மட்டுமா? வழுக்கியவனையும் பாடுங்கள்! அவன் விழுந்து கிடக்கும் நாளிலும் அவன் காதருகே குனிந்து பாடக்கூடிய பாட்டாகப் பாடுங்கள்! அந்தப் பாட்டுத்தான் ஒருவனை எழுப்பும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே வைத்திருந்த தலைவருக்கும் நன்றி. கை தட்டுவதென்றால் அளவாகத் தட்டுங்கள். வரும் ஆண்டும் நான் இந்தப் பக்கம் வரவேண்டும். வாழ்க தமிழ், வாழிய நீவிர், வணக்கம்!